ஆபா துடைத்த அரியர்கள்

ஜஹீருன்னிசா ஆபாவைப் பற்றி நல்லவிதமாக நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரியை யோசிப்பதற்குள்ளேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரவாயில்லை, கோபத்தோடேயே எழுதுகிறேன். அவரைப் பற்றி வேறு எப்படியும் எனக்கு எழுத வராது.

எங்கள் கல்லூரி வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் பெண்கள் கல்லூரி. என் பெயர் ஹெலன். அங்கே புள்ளியியல் நடத்துகிறேன். அந்தப் பாடத்துக்கு நான் ஒருத்திதான். ஆபா தேர்வுப் பிரிவின் எழுத்தர். வயது ஐம்பத்து மூன்று. ஆபா என்றால் உருதுவில் அக்கா. வாட்ச்மேன் முதல் முதல்வர் வரை எல்லோருக்கும் அவர் ஆபாதான். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்தபோது யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே எக்செல் கற்றுக்கொண்டவர். அந்த அறையில் அவருடைய கீபோர்டை இன்னொருவர் தொட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ரிசல்ட் வரும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் அனுப்பும் தாளை விரித்து வைத்துக்கொண்டு, அரியர் பாஸ் ஆன ஒவ்வொரு பெண்ணுக்கும் "பிஸ்மில்லா" சொல்லி என்டர் தட்டுவார். உடனே அந்தப் பெண்ணுக்கு போன் போடுவார். "போய்ட்டுது மா உன் அரியர்! அம்மாகிட்ட சொல்லு" என்று கத்துவது வராந்தா வரைக்கும் கேட்கும். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் டீ அவர் கணக்கு. ஒன்பது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த என்டர் எதன்மேல் விழுகிறது என்று ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

போன வருடம் ஜூனில் முதல்வர் வேலாயுதம் என்னைக் கூப்பிட்டார். கல்லூரியை ஆய்வு செய்ய ஒரு குழு வரப்போகிறது. மாணவிகள் செமஸ்டருக்குச் செமஸ்டர் எப்படி முன்னேறுகிறார்கள், யார் டிகிரி முடிப்பார்கள், யார் முடிக்க மாட்டார்கள் என்று கணித்துச் சொல்லும் ஒரு மாடல் வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எம்.எஸ்சி. முடித்த நாளிலிருந்து இந்த மாதிரி ஒரு வேலைக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். ஆபாவிடம் பத்து வருட மார்க் ஃபைலை வாங்கினேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபது மாணவிகள், ஒவ்வொருத்திக்கும் ஆறு செமஸ்டர். கொரோனா காலத்துத் தேர்வுகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மூன்று வாரம் அதோடு கிடந்தேன்.

முடிவு பளிச்சென்று வந்தது. இரண்டாம் வருடக் கடைசியில் ஒரே ஓர் அரியர் வைத்திருந்தாலும் போதும், அந்த மாணவி டிகிரி முடிப்பதில்லை. பத்து வருடத்தில் அப்படி எண்பத்தொரு பேர். அவர்களில் ஒருத்திகூட முடிக்கவில்லை. மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொன்னது.

தொண்ணூற்றொன்பது! மனிதர்களைப் பற்றிய எந்தக் கணக்காவது அவ்வளவு சுத்தமாக வருமா? வகுப்பில் ஒரு மாணவி இப்படி விடை கொண்டு வந்திருந்தால் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். எனக்கே வந்ததும் கலர் பிரிண்ட் எடுத்து முதல்வர் மேஜையில் வைத்தேன். பத்து வருடத்தில் எண்பத்தொரு பேருக்குத்தான் அரியர் என்பதே கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. நாம் நடத்துகிற லட்சணம் அப்படி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

முதல்வருக்கு அந்தத் தாளில் வேறு ஒரு வழி தெரிந்தது. மூன்றாம் வருடத்துக்குப் போகும் மாணவிகளில் அரியர் உள்ளவர்கள் இருபத்து மூன்று பேர். இவர்கள் எப்படியும் முடிக்கப் போவதில்லை என்றால், குழு வருவதற்குள் டீசி வாங்கிக்கொண்டு போய்விட்டால் கல்லூரியின் தேர்ச்சி விகிதம் ஏறும். "கட்டாயம் ஒண்ணும் இல்ல மேடம். பேரண்ட்ஸ கூப்ட்டு எடுத்துச் சொல்லப் போறோம், அவ்ளோதான்" என்றார். முதலில் வந்தவர் ஜீவாவின் அப்பா, ஒடுகத்தூர்ப் பக்கம் நிலக்கடலை போடுகிற மனிதர். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றதும் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜீவா பி.எஸ்சி. கணிதம் படிக்கிறவள், இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஆங்கிலம், கால்குலஸ், என்னுடைய புள்ளியியல் என்று மூன்று அரியர். டீசியை வாங்கிக்கொண்டு அவள் வராந்தாவில் என்னைக் கடந்து போனபோது வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன். மற்ற இருபத்திரண்டு பேரின் பெற்றோரை அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரமே புதன்கிழமை, குழுவுக்குக் காட்டச் சில பழைய மாணவிகளின் வரைபடம் தயார் செய்துகொண்டிருந்தேன். நன்றாகத் தெரிந்த பெயராக இருக்கட்டும் என்று இரம் என்கிற பெண்ணை எடுத்தேன். இரமை நான் மறக்க முடியாது. புள்ளியியலை நாலு தடவை எழுதியவள். மூன்றாம் தடவையும் ஃபெயில் ஆனபோது என் அறையில் உட்கார்ந்து என் கைக்குட்டையை நனைத்தவள். நாலாம் தடவை பாஸ் ஆனதும் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா என்கிற இனிப்பை வாங்கி வந்து என் வாயில் திணித்தவள். ஃபைலில் பார்க்கிறேன்: இரம், இரண்டாம் செமஸ்டர், புள்ளியியல், ஐம்பத்தொன்று, பாஸ். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. முதல் தடவையிலேயே ஊதித் தள்ளியவள் போல உட்கார்ந்திருக்கிறாள்.

நேராகத் தேர்வுப் பிரிவுக்குப் போனேன்.

"ஆபா, இந்த இரம் நாலு தடவ எழுதுனா. ஃபைல்ல ஒரே மார்க்தானே இருக்கு?"

"அதான் பாஸ் ஆய்ட்டாளே மேடம்."

"ஆய்ட்டா. அதுக்கு முன்னாடி மூணு ஃபெயில் இருந்துச்சே, அது எங்க?"

"பாஸ் ஆனப்புறம் அத வெச்சிக்கினு இன்னா பண்றது? தொடச்சிட்டேன்" என்றார், தட்டில் மிச்சமிருந்த சோற்றுப் பருக்கையைத் துடைத்துவிட்டவர் போல.

"இரமுக்கு மட்டுமா?"

"அது எப்டி? ஒருத்திக்குத் தொடச்சி இன்னொருத்திக்கு வெக்கலாமா? எல்லாருக்கும்தான்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆபா எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்து, நான் கேட்காமலேயே காரணத்தையும் சொன்னார். பல வருடம் முன்னால் ஷூ கம்பெனி ஒன்று ஆபீஸ் வேலைக்கு ஆள் எடுக்க வந்தது. பழைய மாணவி ஒருத்தியின் மார்க்கைக் கல்லூரியில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாப் பாடமும் முடித்த பெண்தான். ஆனால் பழைய ஃபெயில் ஓரமாகச் சிவப்பில் இருந்தது. வந்த மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு அவளை வேண்டாம் என்றார். "அதே பிரிண்ட்ட மாப்ள வூட்லயும் கேப்பாங்க மேடம். பாஸ் ஆவறதுக்குள்ள அந்தப் புள்ளைங்களுக்கு எவ்ளோ பேஜாரு. அதுக்கப்புறமும் அந்தச் செவப்பு பின்னாடியே வரணுமா? அன்னியிலேர்ந்து தொடைக்கிறேன்."

நியாயம்தான். அந்த நியாயத்தால்தான் என் ரத்தம் இன்னும் கொதித்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். மனசாரச் செய்திருக்கிறார், பத்து வருடமாக, ஒரு செல் விடாமல்.

"ஆபா, ஒரு ஆஸ்பத்திரில காய்ச்சல்னு வந்து பொழச்சிப் போனவங்க சீட்டு எல்லாத்தையும் கிழிச்சிட்டு, செத்தவங்க சீட்ட மட்டும் அடுக்கி வெச்சா, படிக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"காய்ச்சல் வந்தா யாரும் பொழைக்க மாட்டாங்கன்னு."

"அதான் ஆபா நீங்க பண்ணியிருக்கறது. அரியர் வெச்சி பாஸ் ஆனவங்க ஒருத்திகூட ஃபைல்ல இல்ல. பாஸ் ஆகாதவங்க மட்டும்தான் அரியரோட நிக்கிறாங்க. அதப் பாத்துட்டு என் மாடல், அரியர் வெச்சவ எழுந்திரிக்கவே மாட்டான்னு சொல்லிடுச்சு. நானும் நம்பிட்டேன்."

ஆபா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அப்போ அந்த இருபத்து மூணு பேரு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "ஜீவாக்கு டீசி எழுதுனது நான்தானே மேடம்" என்று டீசி புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு அழுதார். கோபமாக வந்தவள் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

செவ்வாய்க்கிழமைக்குள் உண்மையான கணக்கைச் செய்தாக வேண்டும். ஃபைல்தான் துடைக்கப்பட்டதே தவிர, பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் அனுப்பிய ரிசல்ட் தாள்கள் மாடி அறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வியாழன், வெள்ளி, சனி, திங்கள் என்று நாலு பகலும் நாங்கள் இருவரும் அந்தத் தூசியில் உட்கார்ந்தோம். பாஸ் மார்க்குகள் ஃபைலிலேயே இருந்தன; விடுபட்ட ஃபெயில்களை மட்டும் ஆபா படிக்க, நான் டைப் செய்ய வேண்டும். ஒரு தடவை எழுதினால் ஒரு வரி; நாலு தடவை எழுதினால் நாலு வரி. எத்தனை சுலபமான ஏற்பாடு! ஆபாவின் வாயில் ஃபெயில் மார்க் வந்தால்தானே?

"சகீனா, ஆங்கிலம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார்.

"எவ்ளோ ஆபா?"

"அவளுக்கு ரெண்டு புள்ள ஆய்ட்டுது மேடம். பெரியவன் ஸ்கூலுக்குப் போறான்."

"மார்க் எவ்ளோ ஆபா?"

"இத வுட்டுட்டு அடுத்தத போடலாமே..."

"ஆபா!"

"பதினேழு" என்பார், தன் வீட்டுக் குற்றத்தை ஒத்துக்கொள்வது போல. ஒவ்வொரு ஃபெயிலுக்கும் இந்தக் கூத்து. சனிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே படித்தேன். அவர் டைப் செய்தார். அப்போதும் ஃபெயிலை எழுதும்போது கண்ணை இறுக்கிக்கொள்கிறார். ஒன்பதை ஆறாக அடித்துவிட்டுத் திரும்ப அழிக்கிறார். ஒரு மனுஷி எவ்வளவு பொறுமையாகத்தான் இருக்க முடியும்?

திங்கள் சாயங்காலம் கணக்கு வந்தது. இரண்டாம் வருடக் கடைசியில் அரியர் வைத்திருந்தவர்கள் உண்மையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் முந்நூற்று முப்பத்தொரு பேர் பின்னால் டிகிரி முடித்திருக்கிறார்கள். ஐந்தில் நாலு பேர். இன்னொன்றும் தெரிந்தது. எத்தனை அரியர் என்பதைவிட, தடவைக்குத் தடவை மார்க் ஏறுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜீவாவின் வரிகளைப் பார்த்தேன். என் பாடத்தில் முதலில் பன்னிரண்டு, பிறகு இருபத்தொன்று, பிறகு முப்பத்து மூன்று. நாற்பது எடுத்தால் பாஸ். ஒவ்வொரு தடவையும் முந்தைய மார்க்கின் மேலேயே ஆபா புதியதை அடித்ததால், பழைய ஃபைலில் கடைசி மார்க் மட்டும், ஃபெயில் என்று மொட்டையாக நின்றிருந்தது. அவள் ஏறிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பாடம் எடுத்த எனக்கே தெரியவில்லை. புது மாடல் அவளுக்குக் கொடுத்தது நூற்றுக்கு எழுபத்தாறு.

செவ்வாய்க்கிழமை காலை முதல்வர் அறைக்குப் போனோம். வேலாயுதம் சார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"போன வாரம் ஒருத்தியும் தேறமாட்டான்னீங்க. இந்த வாரம் அஞ்சுல நாலு பேரு தேறுவாங்கன்றீங்க. நான் எந்த ஹெலன நம்பறது மேடம்?"

"போன வாரத்து ஹெலன நம்பாதீங்க சார். அவ சரிபாக்காம குடுத்துட்டா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே பெற்றோர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. "ஜீவா, சார்?" என்றேன்.

"அவதான் டீசி வாங்கிட்டாளே. போனது போனதுதான்."

அதுவரை வாசலோரம் நின்றிருந்த ஆபா முன்னால் வந்தார். முதல்வர் கேட்ட கேள்விக்குப் பதில் தவிர, அந்த அறையில் ஆபா வேறு பேசி நான் கேட்டதில்லை.

"ஆய்வுக்கு வர்றவங்க டீசி புக்கையும் பாப்பாங்க சார். பாதியில ஏன் போனான்னு என்னத்தான் கேப்பாங்க. கம்ப்யூட்டர் தப்பா சொல்லிட்டுது, நாங்க அனுப்பிட்டோம்னுதான் சொல்லணும். எனக்கு வேற சொல்ல வராது சார்."

மிரட்டலா, வெகுளியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சார் பேனாவை மேஜைமேல் போட்டார். "வெள்ளிக்கெழமைக்குள்ள டீசியோட வந்தா பாக்கலாம்" என்றார்.

ஜீவாவின் போன் எடுக்கப்படவில்லை. அவள் அப்பாவுக்குப் போட்டால், பொண்ணு ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது என்றார். புதன்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஆம்பூர் போய் கம்பெனி கேட்டில் நின்றோம். நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையாக நிற்கும் பஸ்களை நோக்கி ஓடி வருகிறார்கள். அதில் ஒருத்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆபாதான் பார்த்தார்.

ஜீவா எங்களைப் பார்த்ததும் நின்றாள். அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் போட்டிருக்கிறார்களாம்.

"திரும்பி வா ஜீவா. நான் சொன்ன கணக்கு தப்பு" என்றேன்.

"எவ்ளோ தப்பு மேடம்?"

என் மாணவி! அந்த எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இப்போ நூத்துக்கு எழுபத்தாறு வருது" என்றேன்.

"அப்போ மீதி இருபத்து நாலு? திரும்பவும் போய்ட்டா எங்கப்பாக்கு யாரு பதில் சொல்றது? அன்னிக்கே அவரு மூஞ்சிய பாக்க முடியல மேடம். பஸ் கெளம்பப் போவுது."

அவள் திரும்பினாள். என்னிடம் வேறு எண் இல்லை. ஆபா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மா, நான் பி.காம். தபால்ல படிச்சேன். அக்கவுண்ட்ஸ் பேப்பர் ஏழு தடவ எழுதுனேன். ஏழாவது தடவ எழுதப் போறப்போ என் வூட்டுக்காரரு ஆட்டோலயே சிரிச்சாரு. அதுலதான் பாஸ் ஆனேன்."

ஒன்பது வருடம் பக்கத்து அறையில் வேலை செய்கிறேன், எனக்கு இது தெரியாது. தன்னுடையதையும் துடைத்துவிட்டிருந்தார்!

ஜீவா அவரையே பார்த்தாள். "நீங்க எல்லாரோட ஃபெயிலையும் தொடைப்பீங்கன்னு அக்காங்க சொல்லுவாங்க. இந்த டீசியத் தொடைக்க முடியாதா ஆபா? வாங்கவே இல்லன்னு ஆக்கிட முடியாதா?"

"முடியாது மா" என்றார் ஆபா. "அது நம்பர் போட்ட புக்கு. குறுக்க ஒரு கோடு போட்டு, ரத்துன்னு எழுதி, தேதி போடுவேன். நீ போனதும் தெரியும், வந்ததும் தெரியும். தெரிஞ்சிட்டுப் போவட்டும்."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜீவா ஏறிப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, டீசியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஜீவா தேர்வுப் பிரிவு வாசலில் நின்றாள். அப்பாவும் வந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

நவம்பரில் தேர்வு. ஜனவரியில் ரிசல்ட். ஜீவாவுக்கு ஆங்கிலம் பாஸ், கால்குலஸ் பாஸ். என்னுடைய புள்ளியியலில் முப்பத்தாறு. நாலு மார்க்! மாடல் போட்டவள் நான், பாடம் நடத்தியவளும் நான். போயும் போயும் என் பேப்பரில்தான் அவள் நிற்க வேண்டுமா? சாயங்காலம் தினமும் அரை மணி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் தேர்வுப் பிரிவுக்குப் போனேன்.

ஆபா புது ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு, இருபத்தொன்று, முப்பத்து மூன்று. அதற்குக் கீழே முப்பத்தாறு என்று அடித்தார். கண்ணை இறுக்கவில்லை. பழையதில் எதையும் தொடவில்லை. பிறகு அடுத்த மாணவியின் பெயரை ஒரு வரி தள்ளி ஆரம்பித்தார். ஜீவாவின் முப்பத்தாறுக்குக் கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது.

"ஆபா, ஒரு வரி வுட்டுட்டீங்க."

"தெரியும் மேடம். ஏப்ரல்ல எழுதுவா இல்ல, அதுக்கு."

நடுவில் காலி வரி இருந்தால் என் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். இதை அவரிடம் ஐம்பது தடவை சொல்லியிருக்கிறேன், சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பிஸ்மில்லா சொல்லி என்டர் தட்டிக்கொண்டிருந்தார்.

என் அறைக்குத் திரும்பி வந்து, அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிப் போகும்படி புரோகிராமைத் திருத்தி எழுதினேன்.